உடைந்த முகத்தில் இரண்டு நிறம்

நான் வெல்டிங் வைத்த இரும்பு ஒன்று உடைந்து, ஒரு பெண்ணின் கணுக்கால் முறிந்தது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று முதலாளியின் மகன் கூப்பிட்டபோது, முப்பத்தெட்டு வருட வேலையில் எதைச் சொல்வது என்று பதுளை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். நன்றாகச் செய்த வேலைகளைச் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள்; தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மறந்தும் போவீர்கள். அதனால் இதைச் சொல்கிறேன்.

வெல்டிங் வைப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களில் இரண்டு பேர் டிப்ளோமா முடித்தவர்கள். வந்ததும் அங்கே உட்கார்ந்திருக்கும் தங்கச்சி வைத்திருந்த வெல்டிங் ஒட்டைப் பார்த்தேன். அந்த வயதில் என் கைக்கு அவ்வளவு நேர்த்தி கிடையாது. நான் சொல்லப்போவது உடைந்த பிறகு நடந்த கதை.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால். எனக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. ஊவா மாகாணத்தில் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்த இயந்திரம் நின்றாலும் "அந்தப் பதுளை பாஸைக் கூப்பிடு" என்பார்கள். எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லாருமே பாஸ்தான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பெருமைப்பட்டேன். அதுவும் கதையில் சேர்த்தி.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. கொழுந்து ஏற்றிக்கொண்டு போன டிராக்டரின் பின்பெட்டி மேட்டில் கழன்று பின்னால் உருண்டுவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். கழன்றதா உடைந்ததா என்று கேட்டேன். அந்தக் கிளார்க்குக்குத் தெரியவில்லை. பட்டறை லொறியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்கு ஏறும் பாதையின் கடைசி வளைவில் பெட்டி கரைமேட்டில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றது. கொழுந்துச் சாக்குகள் பாதை முழுக்கச் சிதறிக் கிடந்தன. பெட்டி இடது பக்கம் திரும்பியதால் மேட்டில் மோதி நின்றிருக்கிறது. வலது பக்கம் திரும்பியிருந்தால் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம். அந்த நேரத்தில் வெயிலுக்குக் கம்பளி காயப்போட்டுக்கொண்டு இரண்டு வயசாளிகள் வாசலில் இருந்திருக்கிறார்கள். சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்த பார்வதி என்கிற பெண், பெட்டி உருளத் தொடங்கியதும் குதித்திருக்கிறாள். கணுக்கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

டிராக்டர் டிரைவர் யோகராஜ் பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும், பேச்சு குறைவான ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"பாஸ், வேகமாப் போகல. ரெண்டாவது கியர்லதான் ஏத்துனேன். டக்குனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா பெட்டி இல்ல."

"எத்தனை சாக்கு?"

கொஞ்சம் தயங்கினான். "நாலு சாக்கு கூடத்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா தினமும் ஏத்துறதுதானே பாஸ், கொழுந்து கூடுற நேரத்துல எல்லா டிரைவரும் ஏத்துறதுதான்."

அதற்குள் தோட்டத்து மேனேஜர் தொரை ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். சிங்களவர், இருபது வருடம் தோட்டத்தில் இருந்து நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நல்ல மனுஷன், ஆனால் அன்றைக்கு அவர் முகம் இறுகியிருந்தது. கையில் ஃபைல்.

"பாஸ், நான் லெட்டர் டைப் பண்ண சொல்லிட்டேன். கூடுதல் பாரம் ஏத்தி ஆளோட உயிருக்கு ஆபத்து உண்டாக்குனதுக்கு இவனை வேலையிலேருந்து நிப்பாட்டுறோம், அப்புறம் விசாரணை. உங்க பட்டறை பேர்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. பாரம் தாங்காம உடைஞ்சதுன்னு. அவ்வளவுதான்."

சரி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உடைந்த இடத்துக்குப் போனேன். டிராக்டரையும் பெட்டியையும் இணைக்கும் நீள இரும்பை நாம் பார் என்றுதானே சொல்கிறோம், அதுதான் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு துண்டு டிராக்டரில் தொங்கியது. மற்றத் துண்டு பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர் ஃபிட்டர் கம்பி பிரஷ்ஷோடு தயாராக நின்றார். "துடைச்சுட்டு ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்பமா பாஸ், பொருந்துதான்னு?"

"தொடாதீங்க" என்று கத்தினேன். பாவம், அவர் பயந்து பிரஷ்ஷைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நான் கத்தியதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் வெலிமடைப் பக்கம் ஒரு ஸ்டோரில் காற்றாடித் தண்டு உடைந்தது. நானும் இதே மாதிரி இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து உரசி, பிரஷ் போட்டுப் பளபளப்பாக்கி, அளவெடுத்துப் புதுத் தண்டு கடைந்து போட்டேன். மூன்று வாரத்தில் அதே இடத்தில் உடைந்தது. முதல் தண்டு ஏன் உடைந்தது என்பதை என் கையாலேயே துடைத்து அழித்திருந்தேன். உடைந்த இரும்பின் முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் படிப்பதற்கு முன்னால் துடைத்துவிடாதீர்கள்.

குனிந்து பார்த்தேன். முகத்தில் இரண்டு நிறம்.

மேல் ஓரத்தில் கால்வாசி வெள்ளிபோல, உடைந்த சர்க்கரைக் கட்டிபோல மின்னியது. அது அன்று காலையில் பிரிந்த பகுதி. மீதி முக்கால்வாசியும் கருஞ்சிவப்பு. அதில் மரத்தை அறுத்தால் தெரியுமே, அந்த மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். அது ஒரு நாளில் வந்ததில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் காலையில் டிராக்டரின் இழுவையைத் தாங்கியது கால்வாசி இரும்புதான். நாலு சாக்கு குறைவாக ஏற்றியிருந்தாலும் அந்த வாரமோ அடுத்த வாரமோ உடைந்திருக்கும்.

சரி, யோகராஜ் தப்பித்தான் என்று முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு வளைவுகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று விரலை வைத்துப் பின்னால் போனேன். அடிப்பக்கத்து மூலையில் போய் முடிந்தது. அங்கே பாரின் பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருந்தது. தகட்டுக்கும் பாருக்கும் நடுவில் வெள்ளையாக உப்புப் போல ஏதோ கெட்டியாகிப் போயிருந்தது. தகட்டின் மேலே வெள்ளிப் பெயின்ட், எங்கள் பட்டறைப் பெயின்ட். ஒட்டு என்னுடையது. நீங்கள் எல்லாரும் உங்கள் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வீர்கள் அல்லவா, அதே மாதிரி.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி பட்டறைக்கு வந்தது ஞாபகம் வந்தது. பார் ஓரிடத்தில் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. அந்த நீளத்தை வெட்டி எடுத்துப் புது இரும்பு போடுவதுதான் சரி. அரை நாள் வேலை. கொழுந்து மலையாக விளைந்திருந்த நேரம். தோட்டத்து ஆள் பக்கத்திலேயே நின்று, "பாஸ், கொழுந்து சாக்கிலேயே சூடேறுது பாஸ்" என்று அவசரப்படுத்தினார். நான் துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்தேன். மூன்று பக்கம் ஒட்டினேன். நாலாவது பக்கம் அடியில். பெட்டியைத் தூக்கினால்தான் கை போகும். தூக்கவில்லை. தகடு கனம்தானே, தாங்கும் என்று நினைத்தேன். மேலே பெயின்ட் அடித்து அனுப்பினேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

அந்தத் திறந்த பக்கத்து வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெறும் தண்ணீர் என்றால்கூடக் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். அதே பெட்டியில் காலையில் கொழுந்து, பின்னேரம் உரமூட்டை. உரத்தூள் தகட்டுக்கு அடியில் போய் அடைத்துக்கொண்டது. உரம் பனியிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அப்புத்தளையில் பனிக்கா பஞ்சம்? மழை விட்ட நாளிலும் உள்ளே ஈரம் காயவில்லை.

இதை நீங்கள் படித்திருப்பீர்கள், நான் என் பாஷையில் சொல்கிறேன். துரு மட்டும் என்றால் மெதுவாகத் தின்னும், உங்கள் கண்ணுக்குப் படும், திருத்த நேரம் கிடைக்கும். இழுவை மட்டும் என்றால் நல்ல இரும்பு வருடக்கணக்கில் தாங்கும். மொனராகலையில் கரும்பு ஏற்றும் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், இதைவிட இரண்டு மடங்கு பாரம், அதே மாதிரிப் பார், பதினைந்து வருடம் ஓடியவை. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் கஷ்டம். துரு ஒரு சின்ன வாயைத் திறக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இழுக்கும்போது அந்த வாய் ஒரு மயிரிழை விரியும். விரிந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதை மறுபடியும் துரு பிடிக்கும். மறுபடியும் இழுவை. வெளியே வெள்ளிப் பெயின்ட் மின்னிக்கொண்டிருக்கும்.

நான் குனிந்தபடியே இருந்தேன். தொரை கேட்டார்: "என்ன பாஸ், பாரம்தானே?"

"ஒரு போன் பேசிட்டு வர்றேன்" என்றேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களைக் கூட்டியவரின் அப்பா, பதுளையில் மூன்றாம் தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வாங்க. ஒக்காந்து யோசிப்போம். பொய் சொல்லச் சொல்லல நான். அவசரப்பட வேணாம்னுதான் சொல்றேன்" என்றார்.

நியாயமான பேச்சு மாதிரித்தான் பட்டது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக மறைந்தன. கொஞ்ச நேரத்தில் முகத்தில் தூறல் பட்டது.

அப்போதுதான் உறைத்தது. புதிதாக உடைந்த இரும்பு அந்தப் பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் போதும், காலையில் அந்தக் கால்வாசியும் சிவந்துவிடும். இரண்டு நிறம் ஒரு நிறமாகிவிடும். நான் பொய் சொல்லவே வேண்டாம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினால் போதும். மீதியைத் துரு பார்த்துக்கொள்ளும். நாளைக்கு யாராவது கேட்டால், "எல்லாம் துருவா இருக்கு, இப்ப சரியாச் சொல்ல முடியாது" என்று சொல்லலாம். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

நான் அங்கே நின்ற நேரம் ஐந்து நிமிடம் இருக்கும். பெரிய யோசனை எதுவும் ஓடியதாக ஞாபகம் இல்லை. யோகராஜ் நனைந்துகொண்டு சாக்குகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தான். வேலை போகப்போகிறது என்று தெரிந்த ஆள், கொழுந்து மிதிபடக்கூடாது என்று பொறுக்குகிறான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

லொறியிலிருந்து எண்ணெய்க் கேனையும் ஒரு குடையையும் எடுத்து வந்தேன். "தொரை, கொஞ்சம் கிட்ட வாங்க. யோகராஜ், நீயும் வா. ஃபிட்டரையும் கூப்பிடு. எல்லாரும் பாத்த பிறகு நான் இதுல எண்ணெய் பூசணும். அதுக்கு முன்னாடி பாத்துக்கங்க. போன்ல படமும் எடுத்துக்கங்க."

குடையைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். இது இன்றைக்கு உடைந்தது, இது பல மாதமாக உடைந்துகொண்டிருந்தது என்றேன். தொரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப பாரம் காரணம் இல்லையா?"

"நாலு சாக்கு இல்லாட்டியும் உடைஞ்சிருக்கும் தொரை. இவன் மேல தப்பில்ல."

"அப்ப யார் மேல?"

"இந்தத் தகடு நான் வச்சது. அடியில மூடாம விட்டுட்டேன். அங்கேருந்துதான் தொடங்கியிருக்கு."

  ஃபிட்டர் தரையைப் பார்த்தார். யோகராஜ் என்னைப் பார்த்தான், கோபமாகவும் இல்லை, நன்றியாகவும் இல்லை. தொரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். கொடுத்தேன். ஜீப்பின் முன்மூடியின் மேல் வைத்து எழுதினேன். உரம் ஏற்றினால் பெட்டியைக் கழுவ வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அது தோட்டத்தின் பங்கு. அதையும் சொல்லாமல் விடுவது சரியில்லை என்று பட்டது. தொரை அதைப் படித்துவிட்டு மூக்கால் ஒரு சத்தம் போட்டார், ஆனால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை.

முதலாளி அன்று சாயங்காலம் என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினார், இங்கே சொல்லக்கூடிய பேச்சு இல்லை. அந்தத் தோட்டத்து வேலை மூன்று மாதம் வேறு பட்டறைக்குப் போனது. பட்டறையில் சிலர் என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்த்தார்கள். எனக்கோ அந்த மூன்று மாதமும் நல்ல தூக்கம் வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் பயந்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கும் அந்தப் பயம் வரும்.

நாலாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பார்வதியைப் பார்க்க லயத்துக்குப் போனேன். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கதானா அது?" என்றாள். "அய்யய்யோ, மூணு நாளா அந்த யோகராஜை நான் திட்டாத திட்டு இல்லையே. அத்தனையும் வீணாப் போச்சே."

"என்னைத் திட்டுங்க அக்கா" என்றேன்.

"மறுபடியும் மொதல்லேருந்து திட்ட எனக்குத் தெம்பு இல்ல சாமி. அந்தப் பழத்தை இங்க வையுங்க."

அவள் கால் சரியாகிவிட்டது. பனிக்காலத்தில் வலிக்கும் என்பாள். வலிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவதாகவும் சொல்லி அனுப்புவாள்.

மூன்று மாதம் கழித்துத் தொரையே முதலாளிக்குப் போன் செய்தார். தோட்டத்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அந்த பாஸ்தான் வர வேண்டும் என்றார். ஐந்து பெட்டிகளில் இரண்டில் வெடிப்பு இருந்தது. ஒன்று யார் ஒட்டியது என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றில் ஒட்டே இல்லை. உரம் தேங்கும் மூலை, அவ்வளவுதான். இரண்டையும் வெட்டி எடுத்துப் புது இரும்பு போட்டேன். பெட்டியைத் தூக்கி வைத்துத்தான் போட்டேன்.

அன்றைக்கு யோகராஜ் நாள் முழுக்க என் பக்கத்தில் நின்றான். கடைசியில், "பாஸ், இத நானே பாக்க முடியாதா? உங்கள எப்பவும் கூப்பிட முடியாதுல்ல" என்று கேட்டான். இவ்வளவு வருடத்தில் எந்த டிரைவரும் என்னிடம் கேட்காத கேள்வி. மண்ணெண்ணெய்த் துணியால் நன்றாகத் துடை, பிறகு காய்ந்த துணியால் ஒட்ட ஒட்டத் துடை, சோக்குக்கட்டியைத் தேய், கொஞ்ச நேரம் விடு; வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கருங்கோடு வரும் என்று காட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சோக்குக்கட்டி கேட்டு வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை தவறாமல் செய்தான்.

நாலு வருடம் கழித்து, தீபாவளிக்கு முந்தின வாரம். கொழுந்து குவிந்த நேரம். யோகராஜ் பெட்டியின் பாரில் கோடு தெரிகிறது என்று டிராக்டரை நிறுத்திவிட்டான். மலையில் சாக்குகள் வெயிலில் கிடக்க, ஸ்டோரில் இயந்திரம் காத்துக்கிடக்க, எடுக்க மாட்டேன் என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தொரை எனக்குப் போன் செய்தார். குரலில் சூடு.

போனேன். சோக்கு வெள்ளையில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. கிரைண்டரை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். பெயின்ட் போனது, அதோடு கோடும் போனது. கீழே சுத்தமான இரும்பு. பெயின்டில் விழுந்த ஒரு மடிப்புக்குள் எண்ணெய் தங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். இல்லை.

யோகராஜின் முகம் சுருங்கிவிட்டது. அரை நாள் கொழுந்து கெட்டுப் போயிருந்தது. "மன்னிச்சுக்கங்க தொரை" என்று முணுமுணுத்தான். தொரை என்னைப் பார்த்தார்.

நான் பட்டறைப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். 'பார் பரிசோதிக்கப்பட்டது. வெடிப்பு இல்லை.' பிறகு அடுத்த வரியில், 'டிரைவர் வண்டியை நிறுத்தியது சரி.'

தொரை வாங்கிப் படித்தார். "இதையும் எழுதணுமா பாஸ்?"

"எழுதாட்டி அடுத்த தடவை நிப்பாட்ட மாட்டான் தொரை."

அவர் பேனாவை வாங்கி, அந்த இரண்டாவது வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். யோகராஜ் எட்டிப் பார்த்தான். வாய்க்குள்ளேயே ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தான். பிறகு பையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் சாக்குகளை ஏற்றப் போனான்.